இரத்தம் உறையாமல் தடுத்தால் மூச்சு எளிதாகுமா?

மாடிப்படியில் பத்துப் படி ஏறியதும் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உதடுகளைக் குவித்து மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடும் முதியவர் ஒருவரை நம்மில் பலர் கண்டிருப்போம். வீட்டிலுள்ளவர்கள் அதை 'இழுப்பு' என்பார்கள். சிலர் 'ஆஸ்துமா' என்றே முடிவு கட்டிவிடுவார்கள். பல வேளைகளில் அது ஆஸ்துமா அன்று. ஆண்டுக்கணக்கில் பீடியும் சிகரெட்டும் புகைத்ததன் விளைவாக மூச்சுக் குழல்கள் தடித்து, சளி தேங்கி, நுரையீரலின் சிற்றறைகளும் சிதைந்து போவதால் உண்டாகும் நோய் அது. புகை பிடித்தறியாத பெண்மக்களுக்கும், விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்ததன் பயனாக, இந்நோய் வருவதுண்டு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று இதற்குப் பெயர். டாக்டர்கள் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிச் 'சி.ஓ.பி.டி.' என்பர்.

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இந்நோயைச் சார்ந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, நுரையீரலுக்குள் இரத்த ஓட்டத்தைச் சீராக்கினால் இந்நோயாளிகளுக்கு நன்மை உண்டாகுமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் நியாயமாகத் தோன்றும் மருந்துக்கும் பயன் தரும் மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நுரையீரல் என்றதும் காற்றுப் பை ஒன்றையே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது காற்றும் இரத்தமும் கூடும் ஒரு துறைமுகம். மூச்சுக் குழல் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து, இறுதியில் கண்ணுக்குப் புலனாகாத சிற்றறைகளில் முடிகிறது. இரு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறக்குறைய 30 கோடி முதல் 50 கோடி வரை இத்தகைய சிற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில், தந்துகிகள் எனப்படும் மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலை பின்னியிருக்கின்றன. இருதயத்தின் வலப்பக்கம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இவ்வலைக்குள் செலுத்துகிறது. நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு இவ்வலையைக் கடக்க முக்கால் வினாடியே ஆகிறது. அதற்குள் இரத்தம் கரியமிலவாயுவை இறக்கிவிட்டுப் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக் கிடந்தும், ஏற்றிச் செல்ல வண்டி வராவிட்டால் ஊருக்கு என்ன பயன்? சிற்றறைக்குக் காற்று வந்தும் இரத்தம் வராவிட்டால் நிலை அதுவே.

1628-இல் இரத்த ஓட்டத்தை விளக்கி நூல் எழுதிய வில்லியம் ஹார்வி இத்தந்துகிகளைக் கண்டதில்லை. அவை இருந்தாக வேண்டும் என்று அனுமானித்ததோடு நின்றார். 1661-இல் இத்தாலிய அறிஞர் மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்பெருக்காடியின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் அவை மனிதக் கண்ணுக்குத் தெரிந்தன. அப்படி நுரையீரலிலேயே முதலில் காணப்பட்ட தந்துகிகளை, நுரையீரல் நோயை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் மறந்திருந்தார்கள் என்பது விந்தைதான். மூச்சுக் குழலின் அடைப்பிலேயே அவர்கள் கருத்து நிலைத்திருந்தது.

1959-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவெரில் லீபோ என்ற நோய்க்குறியியல் அறிஞர், சிதைந்த நுரையீரல்களில் சிற்றறைச் சுவர்கள் மெலிந்து, அவற்றில் இரத்தக் குழாய்களும் குறைந்து போயிருப்பதைக் கவனித்தார். இரத்தம் குறைந்ததே சுவர் சிதைவதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருத்துரைத்தார். இந்தக் கருத்துக்குச் சோதனைச் சாலையில் வலுவான ஆதாரம் கிடைத்தது 2000-ஆம் ஆண்டில். இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களை வாழவைக்கும் ஒரு வளர்ச்சிப் பொருள் உண்டு. எலிகளில் அது தன் வேலையைச் செய்யாதவாறு ஒரு மருந்தால் தடுத்தார்கள். புகையே படாத அந்த எலிகளின் சிற்றறைகள் புகைத்தவர்களின் சிற்றறைகளைப் போலச் சிதைந்து பெரிதாயின.

எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேர்கிறதா? உயிரோடிருக்கும் மனிதனின் தந்துகிகளை நுண்பெருக்காடியில் வைத்துப் பார்க்க இயலாது. அதற்கு உதவியது காந்தப் புலத்தைக்கொண்டு உடலினுள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி. கையிலுள்ள சிரையில் ஒரு சாயப் பொருளைச் செலுத்தி, அது நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிட்டால் இரத்த ஓட்டத்தின் அளவு தெரிந்துவிடும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இம்முறையில் கண்டதை 2015-இல் வெளியிட்டார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் நுண்குழாய்களின் ஓட்டம் நோயற்றவர்களைவிட 52 சதவிகிதம் குறைந்திருந்தது. இதில் வியப்பில்லை. ஆனால் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களிடமும் அது 30 சதவிகிதம் குறைந்திருந்தது. படத்தில் சிதைவே தென்படாத பகுதிகளிலுங்கூட ஓட்டம் குறைந்திருந்தது.

ஓட்டம் ஏன் குறைகிறது? ஒரு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கரை அழிந்திருக்கலாம். மடையை யாரேனும் அடைத்திருக்கலாம். பாசி படர்ந்து நீர் தடைப்பட்டிருக்கலாம். நுரையீரலிலும் இம்மூன்றுக்கும் நிகரான காரணங்கள் உள்ளன.

முதலாவது, தந்துகிகளே அழிந்து போவது. இது மீளாத இழப்பு. இல்லாத குழாயில் இரத்தத்தை ஓடச் செய்யும் மருந்து எதுவும் இல்லை.

இரண்டாவது, உடம்பு தானே மடையை அடைத்துக்கொள்வது. 1946-இல் ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர்களான ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் இருவரும் பூனைகளிடம் செய்த சோதனையில் இது தெளிவாயிற்று. சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு குறைந்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. உடலின் மற்றப் பாகங்களில் நிகழ்வதற்கு இது நேர்மாறு. காற்று வராத அறைக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்காமல், காற்று வரும் அறைக்குத் திருப்பிவிடும் அழகிய ஏற்பாடு இது. ஆகவே, ஓட்டம் குறைந்த இடங்களையெல்லாம் திறந்துவிடுவது நன்மை என்று கருதிவிடக் கூடாது. குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் குறைந்தது உண்மை. கூடவே, அவர்களுடைய இரத்தத்தில் பிராணவாயுவும் குறைந்துவிட்டது.

மூன்றாவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது. நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு தவிரத் தட்டணுக்கள் என்னும் சிறு துணுக்குகள் மிதக்கின்றன. காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பை உண்டாக்கி, இரத்தம் ஒழுகாமல் காப்பது அவற்றின் தொழில். சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம், காயம் எதுவும் இல்லாதபோதே, இத்தட்டணுக்கள் ஓரளவு கிளர்ச்சியுற்று ஒட்டும் நிலையில் இருக்கின்றன. நோய் திடீரென்று முற்றும் நாட்களில் அக்கிளர்ச்சி மேலும் மிகுகிறது. எடின்பரோவில் நடந்த ஆராய்ச்சி இதனை 2011-இல் காட்டிற்று.

உறைவதைத் தடுக்கும் மருந்து இம்மூன்றில் கடைசிக் காரணத்தின்மீதுதான் நேரே வேலை செய்ய முடியும். குறைந்த ஓட்டத்தில் அதன் பங்கு ரூபாயில் முக்காலா, அரைக்காலா என்பதில்தான் நம் கேள்வி முழுவதும் தங்கியிருக்கிறது.

இம்மருந்துகளை 'இரத்தத்தை நீர்க்கச் செய்பவை' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்ததுபோல எதுவும் அங்கே நிகழ்வதில்லை. இரத்தத்தின் அடர்த்தி அப்படியேதான் இருக்கிறது. உறையும் திறன் ஒன்றே குறைகிறது. இவற்றில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், டிகாக்ரலார் முதலியவை இவ்வகை. ஆஸ்பிரின் தட்டணுவின் ஒரு நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அது அந்நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. தன் ஆயுளான பத்து நாளளவும் முடங்கியே கிடக்கும். மற்றொரு குலம், இரத்தத்திலுள்ள புரதங்கள் நூல்களாகத் திரண்டு உறைகட்டியாவதைத் தடுப்பது. ஹெப்பாரினும் வார்ஃபரினும் இவ்வகை.

வார்ஃபரின் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் கிளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு கீறலுக்கும் இரத்தம் நில்லாமல் மடிந்தன. 1933-இல், கடும் பனிக்காலத்தில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும், ஒரு பால் தூக்கு நிறைய உறையாத இரத்தத்தையும், அந்தக் கெட்ட தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தீவனத்திலிருந்த நச்சுப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க 1939 வரை ஆயிற்று. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி பாஷாணமாகக் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதனுக்கு மருந்தாயிற்று. 1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அது கொடுக்கப்பட்டது. எலியைக் கொல்லும் அதே குணந்தான் மனிதனைக் காக்கிறது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. இம்மருந்துகள் எல்லாவற்றிலும், காக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது.

இனி, இம்மருந்துகளுக்குச் சார்பாக உள்ள சான்றுகளைப் பார்ப்போம். நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 1,343 பேரைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அவர்களுள் தட்டணு மருந்து உட்கொண்டு வந்தவர்கள் அடுத்த ஓராண்டில் குறைவாகவே இறந்தார்கள். 2018-இல், அமெரிக்காவில் 4,257 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்பிரினைத் தவறாமல் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் சிதைவு மெதுவாகவே வளர்ந்திருந்தது.

ஆஸ்பிரின் விலை சொற்பம். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். இதைக் கேட்டதும் வீட்டிலுள்ள தாத்தாவுக்கு நாளை முதல் ஒரு மாத்திரை கொடுத்துவிடலாம் என்று உங்களில் எவருக்கேனும் தோன்றியிருக்கலாம். தயவுசெய்து பொறுங்கள்.

மேற்சொன்ன ஆய்வுகளில் மருந்து யாருக்கு என்று ஆராய்ச்சியாளர் தீர்மானிக்கவில்லை. அவரவருடைய டாக்டர்களும் அவரவருடைய விருப்பமும் தீர்மானித்தன. ஆஸ்பிரினைத் தவறாமல் உட்கொள்பவர், டாக்டரிடம் தவறாமல் போகிறவராகவும், மற்ற மருந்துகளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவராகவும், புகையை விட்டவராகவும் இருக்கலாம். வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் உள்ள நலிந்த நோயாளிக்கு டாக்டர் அம்மருந்தைக் கொடுத்திருக்கவே மாட்டார். பிறகு, மருந்து உண்டவர் நலமாக இருக்கிறார் என்றால், அது மருந்தின் புகழா, மனிதரின் புகழா?

இந்த ஐயம் வெறும் வாதத்துக்காக எழுப்பப்படுவதன்று. இதே நோயில் இருமுறை உலகம் ஏமாந்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளை உண்பவர்களுக்கு இந்நோய் முற்றுவது குறைகிறது என்று பல பழைய பதிவேடுகள் கூறின. 885 நோயாளிகளைக் கொண்டு முறையாகச் சோதித்து, 2014-இல் முடிவு வந்தபோது, சிம்வாஸ்டாட்டினுக்கும் வெறும் மாத்திரைக்கும் வேற்றுமை காணவில்லை. இருதயத்தின் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரலால் என்ற மருந்தைப் பற்றியும் அவ்வாறே நற்செய்திகள் வந்தன. 532 பேரிடம் செய்த சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டு 2019-இல் வெளியாயிற்று. அம்மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. மருத்துவமனையில் சேரும்படியான கடும் நிலை, மருந்து உண்டவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

முறையான சோதனை என்றால் என்ன? நோயாளிகளை இரு பிரிவாக்குவது. யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலுக்கு விட்டுவிடுவது. ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்குப் பார்வைக்கு அதைப் போன்ற வெறும் மாத்திரையும் கொடுப்பது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாமல், அவரைப் பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் காப்பது. இந்த முறை வேரூன்றியதும் நுரையீரல் நோயில்தான். 1948-இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துச் சோதித்தபோது, ஒட்டிய உறைகளுக்குள் வைத்த சீட்டுக்களே யாருக்கு மருந்து என்று தீர்மானித்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. நல்ல காற்றும் ஊட்டமான உணவும் ஓய்வும் உள்ள சானடோரியமே உயர்ந்தது என்பது அன்றைய நியாயமான நம்பிக்கை. 1959-இல் வெளிவந்த முடிவு வேறாக இருந்தது. எளிய குடிசையில் இருந்து மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே உலகெங்கும் அது மாற்றியது.

உறைவைத் தடுக்கும் மருந்துகளைச் சி.ஓ.பி.டி.யில் இவ்வாறு சோதிக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. இங்கிலாந்தில் ஒரு சோதனை, 120 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரினும், ஒன்றுக்கு டிகாக்ரலாரும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு வெறும் மாத்திரையும் ஆறு மாதம் கொடுக்குமாறு அமைக்கப்பட்டது. அது முதலில் கேட்டது தட்டணுக்கள் அடங்குகின்றனவா என்பதையே. நோயாளிகள் நீண்ட நாள் வாழ்கிறார்களா என்பதைச் சொல்ல 120 பேர் போதார், ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும்.

எதை அளப்பது என்பதும் ஒரு சிக்கல். எம்.ஆர்.ஐ. படத்தில் ஓட்டம் கூடியிருப்பது ஆராய்ச்சியாளருக்கு மகிழ்ச்சி தரும். நோயாளிக்கோ, சந்தைக்கு நடந்து போய்வர முடிகிறதா என்பதே கணக்கு. முன்னது பின்னதைத் தந்தே தீரும் என்பதற்கு உறுதி இல்லை.

எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் என்பது இன்னொன்று. கொரோனாத் தொற்றின்போது நுரையீரலின் நுண்குழாய்களில் இரத்தம் உறைவது கண்டு, ஹெப்பாரினை முழு அளவில் கொடுத்துப் பல நாடுகளில் ஒருங்கே சோதித்தார்கள். முடிவுகள் 2021-இல் வந்தன. நோய் மிதமாக இருந்த 2,219 பேரைக் கொண்ட சோதனையில் அது நன்மை செய்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 1,098 பேரிடம் நன்மை இல்லை. மருந்து ஒன்று, நோய் ஒன்று. காலம் மட்டும் பிந்தியது.

அதே 2021-இல் சி.ஓ.பி.டி. பற்றியும் இரு செய்திகள் வந்தன. மூச்சுத் திணறல் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 740 பேரைப் பிரெஞ்சு டாக்டர்கள் முறையாகப் பரிசோதித்ததில், 5.9 சதவிகிதத்தினருக்கு நுரையீரல் தமனியில் உறைகட்டி அடைத்திருந்தது. அப்படியானால் எல்லோரிடமும் தேடிப் பார்த்துச் சிகிச்சை செய்வது நன்றல்லவா? ஸ்பெயினில் 746 பேரிடம் அதனைச் சோதித்தார்கள். தேடிய பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

இவற்றுக்கு எதிர்த்தட்டில் இருப்பது இரத்தக் கசிவு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய நோய் இல்லாத முதியோர் 19,114 பேரிடம் செய்த ஆஸ்பிரின் சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பெருங்கசிவு, மாத்திரை உண்டவர்களில் 3.8 சதவிகிதத்தினருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 2.8 சதவிகிதத்தினருக்கும் ஏற்பட்டது. நூற்றில் ஒருவர் கூடுதல் என்பது சிறு தொகைபோலத் தோன்றும். அந்த ஒருவருக்குக் கசிவு மூளையில் நேரலாம். நன்மை உறுதிப்பட்ட இடத்தில் இவ்விலையைக் கொடுக்கலாம். மாரடைப்பு வந்தவர், இருதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், காலிலோ நுரையீரலிலோ உறைகட்டி கண்டவர் ஆகியோருக்கு நன்மை உறுதிப்பட்டிருக்கிறது. அவர்களுக்குச் சி.ஓ.பி.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது. நுரையீரலின் நுண்குழாய்களுக்காக மட்டும் இவற்றைக் கொடுப்பதோ இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை.

இதற்கிடையே, படியில் நிற்கும் அந்த முதியவருக்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். புகையை நிறுத்துவது, மூச்சுக் குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுப்பது, நாள்தோறும் முறையாக நடைப் பயிற்சி செய்வது ஆகியவை பயன் தருகின்றன. இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்களுக்கு, நாளொன்றுக்கு 15 மணி நேரமேனும் பிராணவாயு கொடுத்துவந்தால் ஆயுள் நீள்கிறது என்பதை 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு சோதனைகள் காட்டிவிட்டன. அச்சோதனைகளில் ஒன்றில், பாதிப் பேருக்குப் பிராணவாயு கொடுக்கப்படவில்லை. அவர்கள் குறைவாக வாழ்ந்த அந்தக் கணக்கைக்கொண்டுதான், இன்று மற்றவர்களின் வீடுகளுக்குச் சிலிண்டர்களும் கருவிகளும் வந்து சேர்கின்றன. தட்டணு மருந்துச் சோதனையில் சேரும் நோயாளியும், தம் உள்ளங்கையில் இருப்பது மருந்தா வெறும் மாவா என்று அறியாமலே, காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு அதை விழுங்குகிறார்.